கறுப்புப் போத்தலா, ஸ்பிரேயா? மலைக்குளிரில் பழைய ‘ஜோய்’

ஜான் பத்தூ நிறுவனத்தின் ‘ஜோய்’ சென்ட் இப்போது உற்பத்தியில் இல்லை. 1930இல் ஆன்ரி அல்மெரா உருவாக்கிய கலவை அது. ஊரெல்லாம் பொருளாதார மந்தத்தில் கிடந்த காலத்தில் ‘உலகிலேயே விலை கூடிய வாசனை’ என்று மார்தட்டிக்கொண்டு கடைக்கு வந்தது. 2018இல் பத்தூவை எல்விஎம்எச் குழுமம் வாங்கியது. சென்ட் நின்றது, பெயர் மட்டும் அதே குழுமத்து டியோருக்குப் போனது.

இன்று ஜோய் வேண்டுமென்பவருக்குக் கிடைப்பவை நான்கு: சிவப்பு மூடி போட்ட கறுப்புக் கண்ணாடிப் போத்தலில் பழைய பர்ஃபம் (அடர்த்தி கூடிய வடிவம்), அதே காலத்து ஓ த டொயிலெட் (அடர்த்தி குறைந்த வடிவம்) ஸ்பிரே, டியோரின் புதிய ஜோய், பெயருக்கு ஆசைப்படாதவர்களுக்குச் சாதிமல்லி அத்தர். சேகரிப்பாளர்கள் கண்ணை மூடிக்கொண்டு கறுப்புப் போத்தலைச் சொல்வார்கள். நுவரெலியா, ஹட்டன் பக்கம் இருப்பவருக்கு அது சரிவராது. இங்கே ஸ்பிரேதான் வெல்கிறது.

முதலில் உள்ளே இருப்பது என்ன என்று பார்க்கலாம். 30 மி.லி. பர்ஃபத்துக்கு 10,600 மல்லிகையும் 28 டசின் ரோசாவும் என்று நிறுவனம் சொல்லிவந்தது. விளம்பரக் கதை என்று தள்ள வேண்டியதில்லை. பிரான்சின் கிராஸ் மல்லிகை நமது பிச்சிதான், அதாவது சாதிமல்லி. கிலோவுக்கு ஏறத்தாழ 8,000 முதல் 10,000 பூ நிற்கும். ஒரு கிலோப் பூவில் கிடைக்கும் அப்சலூட், அதாவது சுத்தச் சாறு, ஒன்றரை கிராமை ஒட்டியே வரும். அந்தக் கணக்கில் போத்தலில் பிச்சிச் சாறு மட்டுமே நூற்றுக்கு ஐந்தைத் தாண்டிவிடும். வாசனைத் துறையின் சர்வதேச அமைப்பான இஃப்ராவின் இன்றைய விதிகள் பிச்சிச் சாற்றின் அளவைக் கட்டுப்படுத்துகின்றன. அதனால் அதே கனத்தில் இன்னொருவர் புதிதாகச் செய்வதும் எளிதல்ல.

பிச்சியின் மணத்தில் உள்ள ஜாஸ்மோன் என்ற சேர்மம் தேயிலையிலும் உண்டு. திம்புளைத் தேநீரில் பூ வாசம் தெரிகிறது என்பவர்களுக்கு ஜோயின் நடுப்பகுதி அந்நியமாக இராது. அடியில் புனுகுச் சாயலும் சந்தனமும். மேலே அல்டிஹைட்டுகள்: சவர்க்கார நுரை போல, மூக்கில் சுள்ளென்று ஏறும் வெளிச்சமான மணம். பழைய போத்தலில் முதலில் சாவது இந்த மேல்பகுதிதான்.

கறுப்புப் போத்தலின் சிக்கல் அங்கேயே தொடங்குகிறது. அதன் மூடி கண்ணாடியோடு கண்ணாடி உரசி நிற்பது; எவ்வளவு இறுக்கினாலும் காற்று போய்வரும். காற்றுப் பட்டால் அல்டிஹைட்டும் எலுமிச்சை வகை மணங்களும் ஒக்சிசனோடு சேர்ந்து டர்பன்டைன் போலவோ, நகப்பூச்சு நீக்கி போலவோ நாறும். போதாக்குறைக்குக் கண்ணாடி கறுப்பு. உள்ளே எவ்வளவு மிச்சம் என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க முடியாது. முழுப் போத்தல் என்று வாங்கியது பாதியாக இருந்தால் விற்றவரையும் குறை சொல்ல வழியில்லை.

மலை ஏற்றமும் சேர்ந்து கெடுக்கும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே வளியழுத்தம் கடல் மட்டத்தை விட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கொழும்பில் மூடிய போத்தல் வாகனத்தில் ஏற ஏற, உள்ளே அடைபட்ட காற்று மூடியை வெளியே தள்ளும். கழுத்தைச் சுற்றி மெல்லிய பிளாஸ்டிக் உறையை இழுத்துக் கட்டி, இறப்பர் பட்டி போட்டு, நிமிர்த்தி வைத்தே கொண்டுவர வேண்டும்.

மூடி ஒட்டிக்கொண்டிருந்தால் சுடுநீரில் பிடிக்கக் கூடாது. குளிர்ந்த கண்ணாடி வெடிக்கும். கழுத்து விளிம்பில் ஒரு துளி எதனோல் விட்டு ஓர் இரவு வைக்கவும். மறுநாள் மரக்கரண்டிக் காம்பால் மாறிமாறி மெதுவாகத் தட்டினால் இளகும். குறடு வேண்டவே வேண்டாம். திறந்தபின் கண்ணாடிக் குழாயால் 5 மி.லி. குப்பிகளுக்கு, கழுத்துவரை நிரம்ப, மாற்றிவிட்டால் மிச்சமுள்ளதாவது பிழைக்கும்.

ஸ்பிரேயில் இந்தப் பாடு இல்லை. பம்பு உலோக வளையத்தால் போத்தல் வாயோடு நசுக்கி அடைக்கப்பட்டிருப்பதால் காற்று உள்ளே போவது சொற்பம். ஓ த டொயிலெட்டில் ரோசா முன்னால் நிற்கும். பர்ஃபத்தின் பிச்சிக் கனம் அதில் இல்லை என்பது உண்மை. ஆனால் 15, 16 பாகைக் குளிரில் பர்ஃபம் தோலைவிட்டு எழும்பாமல் கிடக்கும். மேல்மணம் உயிரோடுள்ள ஸ்பிரே அதே குளிரில் நன்றாக எழும்பிப் பரவும். ஒரு விஷயம்: பல வருடம் கிடந்த குழாயில் நின்ற திரவம் கெட்டிருக்கும். முதல் நான்கைந்து அடியைப் பஞ்சில் அடித்து வீசிவிட்டுத்தான் மணம் பார்க்க வேண்டும். நிறம் தேன்போலக் கறுத்திருந்தால் பயம் வேண்டாம், பிச்சியில் உள்ள இண்டோல் அப்படித்தான் செய்யும். இலேசான பூச்சி உருண்டை வாசமும் அதன் வேலையே.

காலத்தைப் பெட்டியில் படிக்கலாம். லினலூல், ஜெரானியோல் என்று ஒவ்வாமைப் பொருட்களின் பட்டியல் அச்சாகியிருந்தால் பெரும்பாலும் 2005க்குப் பிந்தியது. பின்னாளில் பத்தூவை வைத்திருந்த ‘டிசைனர் பர்ஃபம்ஸ்’ நிறுவனத்தின் பெயர் இருந்தால் 2011க்குப் பிறகு. தேட வேண்டியது இவற்றுக்கு முந்தியதை, ஜான் கெர்லேயோ நிறுவனத்தின் வாசனைக் கலைஞராக இருந்த 1967 முதல் 1998 வரையான காலத்தை. வெர்சாயில் 1990இல் தொடங்கிய ஒஸ்மொதெக் என்ற வாசனைக் காப்பகத்தின் பின்னால் நின்றவரும் அவரே.

டியோரின் ஜோய் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிரான்சுவா தெமாஷி செய்தது. துவைத்துக் காயப்போட்ட துணி மாதிரிச் சுத்தமான கஸ்தூரி மணம். கெட்ட சென்ட் அல்ல, பழைய ஜோய்க்கு உறவும் அல்ல.

சாதிமல்லி அத்தர் செலவு குறைந்த வழி. பிச்சிச் சாறு 2 துளி, ரோசா 2, சந்தன எண்ணெய் 3, இவற்றை 10 மி.லி. ஹோஹோபா எண்ணெயில் கலந்தால் ஜோயின் நடுப்பகுதி நிழலாகத் தெரியும். தேங்காயெண்ணெயில் கலக்க வேண்டாம். 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும், நுவரெலியாவில் வருடம் முழுக்கக் கட்டிதான். அல்டிஹைட் இல்லாததால் இது மேலே எழும்பாது. கழுத்தில் பூசிச் சால்வைக்குள் வைத்துக்கொள்ளலாம். கடையில் மலிவாகக் கிடைக்கும் ‘மல்லிகை அத்தர்’ பெரும்பாலும் செயற்கை மணம்தான்.

கொண்டுவரும் வழியையும் யோசிக்க வேண்டும். எரியக்கூடிய திரவம் என்பதால் சர்வதேச விமானத் தபாலில் சென்ட் போகாது. வெளிநாட்டிலிருந்து வருபவரின் பெட்டியில்தான் வரவேண்டும்: கைப்பையில் 100 மி.லி.க்கு மேற்படாத போத்தல், விமானத்தின் அடியில் ஏற்றும் பெட்டியில் ஒரு போத்தல் 500 மி.லி. வரை, எல்லாம் சேர்த்து 2 லீற்றர்.

வைப்பதற்கு மலையகம் பாக்கியம் செய்த இடம். ஒஸ்மொதெக் 12 பாகையில், ஆர்கன் வாயுவின் கீழ் வைக்கிறது. இங்கே இருட்டான அலுமாரி அதற்கு அதிகத் தூரமில்லை. எதிரி ஈரம்தான். பெட்டியில் பூஞ்சணம் பிடிக்கும், லேபிள் உரியும். பெட்டியைத் தனியாகச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பொலித்தீனில் கட்டி, போத்தலை வேறாக வைப்பது நல்லது. அலுமாரியில் நப்தலீன் உருண்டை இருந்தால் எடுத்துவிடவும்; கடதாசி அந்த வாசத்தை ஏற்றுக்கொள்ளும், பிறகு இண்டோலா நப்தலீனா என்று பிரித்தறிய முடியாது. அதே காரணத்துக்காக, தேயிலைத் தொழிற்சாலைக்குள் போகும் நாளில் நான்கில் எதையுமே பூச வேண்டாம். கடதாசியைவிட வேகமாகத் தேயிலை பிறமணத்தை இழுத்துக்கொள்ளும்.