ஓபிஏ2333: பேட்டரியில் ஓடும் வெப்பமானிக்கு ஏற்ற ஆப்-ஆம்ப்தானா? ஒரு மதிப்புரை

காங்கேயம், வெள்ளகோவில், பொள்ளாச்சிப் பகுதிகளில் கொப்பரை உலர்த்திகளுக்கு வெப்பநிலை அளக்கும் பெட்டிகளைச் செய்து தருபவர்களுக்கும், அத்தகைய சுற்றுகளை வடிவமைக்கப் பழகும் கோவை மாணவர்களுக்கும் பயன்படட்டும் என்று, டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் நிறுவனத்தின் ஓபிஏ2333 ஆப்-ஆம்ப்பை (சிறு மின்னழுத்தத்தைப் பெருக்கும் சில்லு) பற்றி இங்கே எழுதுகிறேன். ஓபிஏ333 என்ற ஒற்றை ஆப்-ஆம்ப்பின் இரட்டை வடிவம் இது. நம் பக்கத்து மின்சுற்றுப் பலகைகளில் காலங்காலமாக உட்கார்ந்திருக்கும் எல்எம்358-க்கும் இதற்கும் 8 கால்களின் வரிசை ஒன்றே என்பதால், இரண்டையும் ஒரே பலகையில் மாற்றி மாற்றிப் பொருத்தி ஒப்பிட முடிகிறது.

உலர்த்தியின் உள்ளே வெப்பத்தை 60 டிகிரியை ஒட்டி நிறுத்த வேண்டும். மிஞ்சினால் கொப்பரையின் நிறம் கெடும், நிறம் கெட்டால் விலை போகாது. அளப்பதற்குப் பெரும்பாலும் கே வகைத் தெர்மோகப்பிளைத்தான் (இரு முனைகளின் வெப்ப வேறுபாட்டுக்கு ஏற்ப மின்னழுத்தம் தரும் இரு உலோகக் கம்பிகளின் இணை) பயன்படுத்துகிறோம். அது ஒரு டிகிரிக்குத் தருவது ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ட் மட்டுமே. எல்எம்358-இன் ஆஃப்செட் (உள்ளீடு பூஜ்யமாக இருந்தாலும் சில்லு தானே சேர்க்கும் பிழை மின்னழுத்தம்) 2 மில்லிவோல்ட் இருப்பது சாதாரணம், அதற்கு மேலும் போகலாம். அந்த 2 மில்லிவோல்ட்டை டிகிரியில் சொன்னால் 49 டிகிரி. ட்ரிம்மர் (திருகி மாற்றும் ரெசிஸ்டர்) வைத்து அதைச் சரிசெய்துவிடலாம் என்பார்கள், ஆனால் உலர்த்தியின் பக்கத்தில் மாட்டிய பெட்டி சூடாகச் சூடாக ஆஃப்செட்டும் நகர்ந்துகொண்டே இருக்கும் என்பதால், காலையில் திருத்தியது மதியத்துக்கு உதவாது. ஓபிஏ2333 தன் ஆஃப்செட்டை 8 மைக்ரோவினாடிக்கு ஒருமுறை தானே திருத்திக்கொள்ளும் வகையைச் சேர்ந்தது. தயாரிப்பாளரின் தகவல் தாளான டேட்டாஷீட்டின்படி அதன் ஆஃப்செட் வழக்கமாக 2 மைக்ரோவோல்ட், உச்ச அளவு 10 மைக்ரோவோல்ட். வெப்பத்தால் வரும் நகர்வு டிகிரிக்கு 0.05 மைக்ரோவோல்ட்டைத் தாண்டாது. மோசமான சில்லு கையில் கிடைத்தாலும் பிழை கால் டிகிரி அளவில் அடங்கிவிடுகிறது.

மின் செலவிலும் வித்தியாசம் பெரிது. எல்எம்358 சுமார் 0.7 மில்லிஆம்பியர் எடுத்துக்கொள்ளும். இரண்டு ஏஏ அல்கலைன் செல்களில் வைத்தால் ஐந்து மாதத்தைத் தாண்டுவது கடினம். அதற்கு முன்பே வேறொரு சிக்கல் எழும்: 3 வோல்ட்டுக்குக் கீழே அது வேலை செய்வதற்கு உத்தரவாதம் இல்லை, வெளியீடும் பேட்டரி மின்னழுத்தத்தின் மேல் விளிம்புக்கு ஒன்றரை வோல்ட் கீழேயே நின்றுவிடும். ஓபிஏ2333-இன் இரு பாதிகளும் சேர்ந்து எடுப்பது 34 மைக்ரோஆம்பியர், ஆண்டு முழுவதும் அணையாமல் ஓடினாலும் 300 மில்லிஆம்பியர்-மணியை எட்டாது. செல்கள் தேய்ந்து 1.8 வோல்ட்டுக்கு இறங்கும்வரை அது உழைக்கும்.

இந்த அளவு சிக்கனமான சில்லைச் சுற்றியிருக்கும் ரெசிஸ்டர்களும் அதே சிக்கனத்தோடு இருக்க வேண்டும். பலரும் இங்கேதான் தவறவிடுகிறார்கள் என்பது என் கருத்து. நான் வைத்திருக்கும் பெருக்கம் 250 மடங்கு. இதை 24.9 கிலோஓம், 100 ஓம் என்ற இணையாலும் பெறலாம், 249 கிலோஓம், 1 கிலோஓம் என்ற இணையாலும் பெறலாம். ஆனால் வெளியீடு 1 வோல்ட் உயரும்போது முதல் இணை வழியே 40 மைக்ரோஆம்பியர் ஓடுகிறது, அதாவது சில்லு முழுவதும் தின்பதைவிட அதிகம். இரண்டாம் இணையில் அது 4 மைக்ரோஆம்பியர்தான். 1 கிலோஓமின் வெப்ப இரைச்சல் சில்லின் சொந்த இரைச்சலுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்பதால் இதில் இழப்பும் கிடையாது. ரெசிஸ்டர்களின் துல்லியத்தில் மட்டும் மிச்சம் பிடிக்கக் கூடாது. 1 சதவீத ரெசிஸ்டர் இரண்டு எதிரெதிர்த் திசையில் விலகினால் பெருக்கத்தில் 2 சதவீதப் பிழை வரும், அறை வெப்பத்துக்கு 35 டிகிரி மேலே அளக்கும்போது அது 0.7 டிகிரியாகும். 0.1 சதவீத வகையே இங்கே பொருத்தம்.

ஓபிஏ2333-இன் வெளியீடு பேட்டரி மின்னழுத்தத்தின் இரு விளிம்புகள்வரை போகும் என்று விளம்பரத்தில் இருந்தாலும், 10 கிலோஓம் சுமையில் 50 மில்லிவோல்ட்வரை இடைவெளி விடும் என்பதை டேட்டாஷீட்டே சொல்கிறது. பெட்டி வெயிலில் சூடேறி, உலர்த்தி இன்னும் பற்றவைக்கப்படாமல் குளிர்ந்து கிடக்கும் காலை நேரத்தில் தெர்மோகப்பிளின் மின்னழுத்தம் எதிர்மறையாகவும் மாறும். ஆகவே பூஜ்யத்தை 0.3 வோல்ட்டுக்கு உயர்த்தி வைக்க வேண்டும். ரெஃப்3312 போன்ற, 3.9 மைக்ரோஆம்பியர் மட்டுமே எடுக்கும் ரெஃபரன்ஸிலிருந்து (மாறாத மின்னழுத்தம் தரும் சில்லு) அதைப் பிரித்து, சில்லின் இரண்டாம் பாதியை பஃபராக (மின்னழுத்தத்தை மாற்றாமல் அப்படியே தருவதாக) வைத்துத் தாங்கினால் இரு பாதிகளும் பயன்பட்டுவிடுகின்றன. அப்போது 100 டிகிரி வேறுபாட்டுக்கு வெளியீடு 1.32 வோல்ட் வரும், தேய்ந்த செல்லிலும் இடம் போதும். கீழ்ப்பக்கமும் 24 டிகிரிவரை இறங்க வழி இருக்கும்.

உள்ளீட்டு வடிகட்டியில் அளவு மீறக் கூடாது. இந்தச் சில்லின் உள்ளீட்டு பயாஸ் மின்னோட்டம் (உள்ளீட்டுக் கால் வழியே ஓடும் மிகச் சிறு மின்னோட்டம்) வழக்கமாக 70 பிகோஆம்பியர், உச்சமாக 200 பிகோஆம்பியர். 10 கிலோஓம், 0.1 மைக்ரோஃபாரட் என்று வைத்தால் பிழை ஒரு மைக்ரோவோல்ட் அளவில் நிற்கிறது. பக்கத்திலேயே ஊதுவிசிறி மோட்டார் இருக்கிறது, இன்னும் வலுவாக வடிகட்டலாமே என்று 100 கிலோஓமுக்குப் போனால், உச்ச நிலையில் 20 மைக்ரோவோல்ட், அதாவது அரை டிகிரி போய்விடுகிறது. இதே காரணத்தால்தான் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் பிஹெச் மின்முனைகளுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். கண்ணாடி மின்முனையின் தடை 100 மெகாஓம் என்று கொண்டால் 70 பிகோஆம்பியரே 7 மில்லிவோல்ட்டாக வளர்ந்து நிற்கும்; ஒரு பிஹெச் அலகுக்கு மொத்தமே 59 மில்லிவோல்ட்தான். அந்த வேலைக்கு எல்எம்பி7721 போன்ற, பயாஸ் மின்னோட்டம் ஃபெம்டோஆம்பியர் அளவிலேயே உள்ள வகைகள் இருக்கின்றன, மின்சாரம் அதிகம் எடுத்தாலும் அவையே சரி.

பலகை அமைப்பையும் சொல்ல வேண்டும். தெர்மோகப்பிள் கம்பியைத் திருகும் டெர்மினலுக்கு அருகே உள்ளங்கையைக் கொண்டுபோனாலே மல்டிமீட்டரின் கடைசி இலக்கங்கள் நகரத் தொடங்குகின்றன. குற்றம் சில்லின் மேல் இல்லை. இரு திருகுகளுக்கும் இடையே உண்டாகும் சிறு வெப்ப வேறுபாடே மைக்ரோவோல்ட்களாக வந்து சேருகிறது. இரு உள்ளீட்டுத் தடங்களும் ஒரே நீளத்தில், அருகருகே, ஒரே எண்ணிக்கையிலான பற்றவைப்பு இணைப்புகளோடு செல்ல வேண்டும். சூடாகும் ரெகுலேட்டரைத் தள்ளி வைக்க வேண்டும். குளிர்முனை உணரி (தெர்மோகப்பிளின் பெட்டிப்பக்க முனையின் வெப்பத்தை அளப்பது) டெர்மினலை ஒட்டியே இருக்க வேண்டும். அந்த உணரியின் பிழை அரை டிகிரி என்றால், சில்லின் பிழை அதற்குள் மறைந்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். எண்ணெய்த் தூசு படியும் இடம் என்பதால் பற்றவைத்தபின் மிஞ்சும் ஃப்ளக்ஸை நன்றாகக் கழுவி, பலகைக்கு மேல்பூச்சும் கொடுங்கள்.

மின்சாரம் கொடுத்த 100 மைக்ரோவினாடிக்குள் முழுத் துல்லியத்துக்கு வந்துவிடுவது இதன் மிகச் சிறந்த குணம். மைக்ரோகண்ட்ரோலரின் ஒரு கால் வழியாகவே மின்சாரம் கொடுத்து, நிமிடத்துக்குச் சில மில்லிவினாடி மட்டும் விழிக்கவைக்கலாம். காத்திருக்க வேண்டியது வடிகட்டியும் ரெஃபரன்ஸும் நிலைபெறத்தான். இதைவிடச் சிக்கனமான எல்பிவி821 தொடர்ந்து ஓடினாலும் 650 நானோஆம்பியர்தான் எடுக்கும். அதன் வேகம் (பெருக்கத்தையும் அலைவரிசை அகலத்தையும் பெருக்கினால் வருவது) 8 கிலோஹெர்ட்ஸ் என்பதால் 250 மடங்கில் 32 ஹெர்ட்ஸ் மிஞ்சும், உலர்த்திக்கு அதுவே தாராளம். ஆனால் அதன் மின்னழுத்த உச்சம் 3.6 வோல்ட், இரைச்சலும் கூடுதல். பெரும்பாலான நேரம் தூங்கும் கருவிக்கு ஓபிஏ2333, ஓயாமல் விழித்திருக்கும் கருவிக்கு எல்பிவி821 என்று நான் பிரித்துக்கொள்கிறேன்.

கால் வரிசை ஒன்றே என்று நம்பி, 12 வோல்ட்டில் ஓடும் பழைய எல்எம்358 பலகையில் இதைச் செருகினால் அந்த நொடியே போய்விடும், 5.5 வோல்ட்டுக்கு மேல் இதற்கு ஆகாது. விலையும் எல்எம்358-ஐவிடப் பல மடங்கு. அதனால்தான் அதிகாரப்பூர்வ விநியோகஸ்தர் அல்லாத வழிகளில் பெயர் அச்சிட்ட வேறு சில்லுகள் வந்து சேர வாய்ப்பு உண்டு. வாங்கியதும் உள்ளீட்டைச் செம்புக் கம்பியால் குறுக்கி, 250 மடங்கு வெளியீட்டை அடிப்படை 0.3 வோல்ட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உண்மையான சில்லில் வேறுபாடு 2.5 மில்லிவோல்ட்டைத் தாண்டாது, எல்எம்358 வகையில் அரை வோல்ட்டும் அதற்கு மேலும் போகலாம். மின்னோட்டத்தையும் ஒருமுறை அளந்து, 34 மைக்ரோஆம்பியருக்கு வெகு தொலைவில் இருந்தால் அந்தத் தொகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.