எங்கள் ஊர் கிளை நூலகம்: பல வருஷம் பயன்படுத்தியபின் எழுதுவது

மார்க்கை முதலில் போட்டுவிடுகிறேன், கதை அப்புறம். ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவில் கடலை ஒட்டி இருக்கிற எங்கள் ஊர் கிளை நூலகத்தில் புத்தகங்களுக்குப் பத்துக்கு ஆறு, கட்டடத்துக்கு நாலு, இப்போது இருக்கும் நூலகருக்கு ஒன்பது. இந்த மூன்றில் எது நூலகத்தை ஓட்டுகிறது என்று கேட்டால் கடைசியில் சொன்னதுதான். பள்ளிக்கூட நாளிலிருந்து உறுப்பினராக இருந்து பார்த்ததில், சாவி யார் கையில் இருக்கிறது, அவர் எப்போது திறக்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் இந்த இடம் உயிரோடு இருந்திருக்கிறது அல்லது தூங்கியிருக்கிறது.

அரசு நூலகம் வருவதற்கு முன்னால் ஊரில் ஒரு படிப்பகம் இருந்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள். ஒரு பெஞ்சு, ஒரு தினசரி, அதோடு கொழும்பில் கடை வைத்திருந்தவர்கள் ஊருக்கு வரும்போது கொண்டுவந்து போடும் பழைய வீரகேசரி. தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் என்று போக்குவரத்து இருந்த காலம் அது; 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே போனபின் அந்தப் பேப்பரும் நின்றுவிட்டது. அதைத் தாண்டிப் புத்தகம் வேண்டுமென்றால் புத்தகம் வைத்திருக்கும் வீட்டைத் தேடித்தான் போகணும். ராமேஸ்வரத்திலேயே அப்படித்தான். அப்துல் கலாம் சின்ன வயதில் எஸ்.டி.ஆர். மாணிக்கம் என்பவரின் வீட்டு நூலகத்திலிருந்து வாங்கிப் படித்ததைச் சொல்லியிருக்கிறார். அப்படி ஒரு வீட்டுப் படியேற வாய்ப்பில்லாத பையன்கள் எதைப் படித்தார்கள் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

1948-இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம் அந்தப் பையன்களுக்கானது. சுதந்திர இந்தியாவில் இப்படி வந்த முதல் சட்டம், அப்போதைய கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியார் கொண்டுவந்தது, அதற்காகப் பல வருஷம் பாடுபட்டவர் சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன். மாவட்டத்துக்கு ஒரு நூலக ஆணைக்குழு, செலவுக்கு வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரி. இன்றைக்கு அது வரி ரூபாய்க்கு 10 பைசா. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், தனியாகப் போட்டிருப்பார்கள். எங்கள் ஊரில் இதை இலவச நூலகம் என்று சொல்லி, இலவசத்தில் என்ன குறை கேட்பது என்று சும்மா இருப்பவர்கள் அதிகம். காசு கட்டியாச்சு அண்ணே, கேளுங்கள்.

புத்தகத்துக்கு ஏன் ஆறு என்றால், அரசு மொத்தமாக வாங்கி எல்லா ஊருக்கும் அனுப்புவதுதான் இங்கேயும் வருகிறது. நாவல்கள் பரவாயில்லை, குழந்தைப் புத்தகம் கொஞ்சம், கடல், மீன், படகு எஞ்சின் பற்றித் தேடினால் கை வெறுமையாகத்தான் திரும்பும். கட்டடத்துக்கு நாலு போட்டதற்குக் காரணம் உப்பு. மேற்கே இருந்து கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் ஜன்னலைத் திறந்து வைத்தால் மேசை பிசுபிசுக்கும், மூடி வைத்தால் புழுங்கும். இரும்பு அலமாரி துருப்பிடித்து அடித்தட்டுப் புத்தகங்களின் அட்டையில் காவிக் கறையை ஏற்றிவிடுகிறது. கம்பிப் பின் அடித்துத் தைத்த புத்தகங்கள்தான் முதலில் போகும். பின் துருவேறி அறுந்து நடுப்பக்கம் கையோடு வரும். நூல் தையல் போட்ட பழைய புத்தகங்கள் இன்னும் திடமாக இருக்கின்றன. கடற்கரை ஊர்களுக்காவது மர அலமாரி கொடுங்கள் என்று மனு எழுதிக் கொடுத்தோம், அது எந்த மேசையில் இருக்கிறதோ.

சரி, திறக்கிற நேரத்தைப் பற்றிச் சொல்கிறேன். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் முதலாவது 'நூல்கள் பயன்பாட்டுக்கே'. பலரும் அதைச் சுவரில் எழுதி வைப்பதோடு விட்டுவிடுகிறார்கள். அவரோ அந்த விதியின் கீழேதான் நூலகம் எந்த இடத்தில் இருக்கணும், எத்தனை மணிக்குத் திறந்திருக்கணும், எப்படிப்பட்ட ஆள் உள்ளே இருக்கணும் என்பதையெல்லாம் பேசுகிறார். எங்கள் ஊரில் நூலகத்துக்கு விடுமுறை வெள்ளிக்கிழமை. ஊரில் பாதிப் பேர் முஸ்லிம்கள், கடலுக்குப் போகிறவர்கள் தொழிலுக்கு லீவு விடுவதும் அதே வெள்ளிதான். ஆக, வாரத்தில் அவர்கள் கரையில் சாவகாசமாக இருக்கும் ஒரே நாளில் கதவு பூட்டியிருக்கும். ஜும்ஆ தொழுகை முடிந்து வருகிறவர்கள் பூட்டைப் பார்த்துவிட்டு டீக்கடைப் பேப்பருக்குப் போவதைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன்.

இதற்கு நேர்மாறானது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15-இல் விசைப்படகுகள் கரையேறினால் ஜூன் 14 வரை 61 நாள். 2017-க்கு முன்னால் 45 நாளாக இருந்தது. ஒரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைப் பாருங்கள், முத்திரைகள் சித்திரை, வைகாசியில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும், மற்ற மாதங்களில் ஒன்றிரண்டு. படகு ஓட்டுகிற என் மச்சான் ஒருவன் சரித்திர நாவல்கள் மொத்தத்தையும் தடைக்காலங்களில் மட்டுமே படித்து முடித்தான். வலை பின்னிக்கொண்டே கதையை எங்களுக்கும் சொல்லிவிடுவதால் அந்தப் புத்தகங்களை நான் எடுத்ததே இல்லை.

2006-க்குப் பிறகு அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகம் கட்டினார்கள். எங்கள் பஞ்சாயத்திலும் நல்ல கட்டடம், புதுப் புத்தகம். பார்த்துக்கொள்ள வந்தவருக்குக் கிடைத்தது பஸ் செலவுக்குக் காணாத மதிப்பூதியம். அவரும் வருவதை நிறுத்த, கதவு மூடியது, பிறகு உள்ளே பிளீச்சிங் பவுடர் மூட்டை ஏறியது. அதே ஊர், அதே வாசகர்கள், ஆனால் பழைய கிளை நூலகத்தில் மேசை நிறைய ஆள்.

இப்போதிருக்கும் நூலகர் அம்மா வந்தபிறகு ஒரு மாற்றம். கடலில் பாசி எடுக்கப் போகும் பெண்கள் கரையேறிக் குளித்துவிட்டு வர நேரமாகும் என்று சாயங்காலம் கதவைச் சாத்த அவசரப்படுவதில்லை. காவலர் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் தங்கள் கைடைத் தாங்களே கொண்டுவந்து மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து படிக்கிறார்கள்; அவர்களுக்கு நூலகம் என்றால் சத்தமில்லாத ஒரு நாற்காலி, அதுவும் நியாயம்தானே.

சேருவதற்குக் காப்புத்தொகை, ஆண்டுச் சந்தா எல்லாம் கூட்டினாலும் ஒரு மீன் சாப்பாட்டுக் காசு பெரிது. வெளிநாட்டில் இருக்கிற ஊர்க்காரர்கள் 1000 ரூபாய் கட்டிப் புரவலராகலாம், பெயரைப் பலகையில் எழுதுவார்கள். பலகையில் இன்னும் நிறைய இடம் இருக்கிறது.