பார்வை மங்கிய பிறகு இன்சுலின் பேனாவோடு 6 ஆண்டுகள்

சர்க்கரை நோய் வந்து 19 ஆண்டுகள் ஆகின்றன. விழித்திரையின் ரத்தக்குழாய்கள் கசிந்ததில் வலக்கண்ணின் நடுப்பார்வை மங்கிவிட்டது. இடக்கண்ணுக்கு லேசர் செய்த பிறகு, ஓரங்களும் இருட்டும் சரியாகப் பிடிபடுவதில்லை. இன்சுலின் பேனாவின் எண்களைப் படிக்க முடியாமல் போய் 6 ஆண்டுகள். அதிலிருந்து காதையும் விரலையும் நம்பித்தான் ஊசி போட்டுக்கொள்கிறேன்.

இந்தப் பேனா வடிவ ஊசியில், பின்னால் உள்ள குமிழைத் திருப்பித்தான் அளவு வைக்க வேண்டும். என் பேனாவில் ஒரு ‘டிக்’ ஒரு யூனிட். எண்ணிக்கொண்டே திருப்பினால் போதும் என்று நினைத்திருந்தேன். போதாது. பின்பக்கம் திருப்பினாலும் அதே சத்தம்தான் வரும். நடுவில் யாராவது பேசினால் கணக்கு போய்விடும். சந்தேகம் வந்தால் முட்டும்வரை பின்னால் திருப்பிவிட்டு, பூஜ்யத்திலிருந்து மறுபடி எண்ணுவேன். ஊசி மாட்டியதும் இன்சுலின் வருகிறதா என்று 2 யூனிட் வெளியே தள்ளிப் பார்க்க வேண்டுமே, அதை உள்ளங்கையில் பீய்ச்சுவேன். ஈரம் தெரியும், இன்சுலினுக்கே உரிய மருந்து வாடையும் வரும். இரண்டும் இல்லையென்றால் ஊசியை மாற்றிவிடுவேன். குத்திய பிறகு 10 எண்ணும்வரை எடுப்பதில்லை.

டிக் சத்தத்தை மட்டும் நம்பக் கூடாது, பார்வை குறைந்தவர்கள் துணையோடுதான் போட வேண்டும் என்று பேனாவோடு வரும் தாளிலேயே இருக்கிறது. அது எவ்வளவு சரி என்பதை ஒரு ராத்திரியில் தெரிந்துகொண்டேன். சாப்பாட்டுக்கு முன் போடுவதும் இரவில் போடும் நீண்டநேர இன்சுலினும் ஒரே வடிவப் பேனாக்கள். அடையாளத்துக்கு இரவுப் பேனாவின் மூடியில் ரப்பர் பேண்டு சுற்றியிருந்தேன். அது கழன்றதைக் கவனிக்காமல், வேகமாக வேலை செய்யும் இன்சுலினை 18 யூனிட் போட்டுக்கொண்டேன். மேசையில் அந்த ரப்பர் பேண்டு கையில் தட்டுப்பட்டபோதுதான் விஷயம் புரிந்தது, வயிறு கலங்கிப்போனது. டாக்டருக்குப் போன் செய்துவிட்டு, அவர் சொன்னபடி குளுக்கோஸ் குடித்துக்கொண்டு, சர்க்கரையைத் திரும்பத் திரும்பப் பார்த்தபடி மகளும் நானும் விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். இப்போது மூடியில் அடையாளம் வைப்பதில்லை. இரவுப் பேனாவின் உடம்பிலேயே துணி டேப் ஒட்டியிருக்கிறேன், இரண்டும் வேறு வேறு அறையில் இருக்கின்றன. இரவு ஊசிக்கு முன் எண்ணை மகளிடம் காட்டாமல் போடுவதே இல்லை.

3 ஆண்டுகளாகக் கையில் சர்க்கரையை அளக்கும் சென்சார் ஒட்டிக்கொள்கிறேன், 14 நாளுக்கு ஒன்று. அளவைப் போன் வாசித்துச் சொல்லும், சர்க்கரை இறங்கினால் அலாரம் அடிக்கும். மனசுக்குப் பெரிய தைரியம் அது. ஆனால் ரத்தத்தில் இருப்பதைவிடச் சில நிமிடம் பின்தங்கித்தான் காட்டும். அந்தக் கை அழுந்தப் படுத்தால், குறையாத சர்க்கரையும் குறைந்ததாகச் சொல்லும். உடம்பு ஒன்று சொல்லி அது வேறு சொன்னால் விரலில் குத்திப் பார்த்துவிடுவேன்.

அப்புறம் ஒன்று. சர்க்கரை பெரிதாக ஏறி இறங்கினால் கண்ணின் லென்ஸும் மாறி, பவரே வேறாகிவிடும். அது தெரியாமல் 2 முறை கண்ணாடி மாற்றினேன்.

வலக்கண்ணின் விழித்திரையில், அந்தக் கசிவால் வந்த வீக்கத்துக்குக் கண்ணுக்குள்ளேயே ஊசி போடுகிறார்கள். கதவு நிலை வளைந்து தெரிந்தது, இப்போது கொஞ்சம் நேராகியிருக்கிறது. பேனாவின் எண் இன்னும் தெரியவில்லை. டிக் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.