பிளாக்பெர்ரியா, மல்பெரியா, நாவலா? காசுக்கேற்ற சத்து எதில்?

உடுமலையிலிருந்து சின்னாறு செக்போஸ்ட் தாண்டி கேரள மலையூர்களான மறையூர், காந்தலூர் போகிறவர்கள் குளிர்பிரதேசப் பழம் என்றால் விலை பார்ப்பதில்லை. பிளாக்பெர்ரி டப்பாவைக் கையில் எடுக்கும் முன் ஒரு கணக்குப் போடலாம்.

100 கிராம் பிளாக்பெர்ரியில் 43 கலோரி, சர்க்கரை 5 கிராமுக்குள், நார்ச்சத்து 5.3 கிராம், வைட்டமின் சி 21 மில்லிகிராம். மல்பெரியிலும் அதே 43 கலோரிதான். ஆனால் நார் 1.7 கிராம், சர்க்கரை 8 கிராம். வைட்டமின் சி 36 மில்லிகிராம், இரும்பு 1.85 மில்லிகிராம்; இரும்பு பிளாக்பெர்ரியைப் போல மூன்று மடங்கு. ஆகவே ரத்தசோகைக்காரருக்கு மல்பெரி, மலச்சிக்கலுக்கும் சர்க்கரைக் கணக்குப் பார்ப்பவருக்கும் பிளாக்பெர்ரி.

பிளாக்பெர்ரியின் நாரில் பெரும்பங்கு அந்தக் குட்டி விதைகளில் இருக்கிறது. பல்லில் சிக்குகிறதென்று மிக்ஸியில் அடித்து வடிகட்டினால் கொடுத்த காசில் பாதி சக்கையோடு போய்விடும். வடிகட்டித்தான் குடிப்பேன் என்பவர் மல்பெரியே வாங்கலாம்.

மல்பெரிக்கு உடுமலைப் பக்கம் பஞ்சமில்லை, பட்டுப்புழு வளர்ப்புத் தோட்டங்கள் நிறைய. பூச்சிமருந்து பட்ட இலையைத் தின்றால் புழு செத்துவிடும் என்பதால் கண்டபடி தெளிக்க மாட்டார்கள். சிக்கல் வேறு: இலைக்காகச் செடியை அடிக்கடி கவாத்து செய்வதால் (கிளை வெட்டுவதால்) காய்ப்பு குறைவு. பழுத்தது ஒரு நாள் தாங்காது, கடைக்கு வருவதும் அபூர்வம்.

நாவலுக்கு 100 கிராமில் 60 கலோரி, வைட்டமின் சி 14 மில்லிகிராம். எடையில் கொட்டைக்கும் காசு கொடுக்கிறோம். சர்க்கரை நோய்க்கு மருந்து என்று சொல்லி விற்பதை நம்பி மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

பிளாக்பெர்ரி பறித்தபின் பழுக்காது. சிவப்பு கலந்ததை வாங்கி வைத்தால் புளிப்பாகவே இருக்கும். முழுக்கக் கறுத்து, பளபளப்பு சற்று மங்கியதுதான் இனிக்கும். டப்பாவைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள்; சாறு கசிந்திருந்தால் மறுநாள் பூஞ்சணம். கழுவாமல், டிஷ்யூ விரித்து ஒரே அடுக்காக ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். கழுவுவது தின்னும்போது மட்டும்.

மலைச் சாலையோர முட்புதரில் பறிக்கும் பழம் காம்பை விட்டு உள்ளே குழியோடு கழன்றால் அது ராஸ்பெர்ரி இனம். பிளாக்பெர்ரியில் நடுத்தண்டு பழத்தோடே வரும்.

ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கக்கூடிய வைட்டமின் கே பிளாக்பெர்ரியில் 100 கிராமுக்குச் சுமார் 20 மைக்ரோகிராம் உண்டு. தினமும் கிண்ணம் கிண்ணமாகத் தின்னத் தொடங்குமுன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

வைட்டமின் சி மட்டும்தான் வேண்டுமென்றால் இந்த மூன்றுமே வேண்டாம். உழவர் சந்தைக் கொய்யாவில் 100 கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது; நாரும் பிளாக்பெர்ரிக்குச் சளைத்ததில்லை.