மின்ட், உபுண்டு, ஜோரின்: வீட்டுக் கணினிக்கு எந்த லினக்ஸ்?

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. சரி, விண்டோஸ் 11 போடலாம் என்றால், எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் பிராசசரை அது ஏற்பதில்லை, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேறு கேட்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஆறாம் தலைமுறை ஐ3 மெஷினை வந்த விலைக்குத் தள்ளிவிட மனமில்லாதவர்கள், விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இயங்குதளமான லினக்ஸ் பக்கம் எட்டிப் பார்க்கிறார்கள். யூடியூபில் தேடினால் இருபது பெயர் சொல்வார்கள். வீட்டில் எல்லாரும் தொடுகிற கணினிக்கு மின்ட், உபுண்டு, ஜோரின் என்ற இந்த மூன்று லினக்ஸ் வகைகளைப் பார்த்தால் போதும்.

மூன்றுக்கும் அடித்தளம் ஒன்றுதான். மின்ட் 22, ஜோரின் 18 இரண்டுமே உபுண்டு 24.04-ஐ வைத்துக் கட்டப்பட்டவை. அதனால் வைஃபை, சவுண்ட், பிரிண்டர் எல்லாம் ஒன்றில் ஓடினால் பெரும்பாலும் மற்றதிலும் ஓடும். எது வேகம் என்று சண்டை போடுவதைவிட, வீட்டில் மற்றவர்கள் எவ்வளவு புதிதாகப் பழக வேண்டியிருக்கும் என்று பார்ப்பதுதான் உருப்படியான கணக்கு.

அந்தக் கணக்கில் மின்ட்தான் முதலில் நிற்கிறது. சினமன் என்ற அதன் டெஸ்க்டாப் திரையில் மெனு இடது மூலையில், டாஸ்க்பார் கீழே, கடிகாரம் வலது ஓரத்தில். விண்டோஸ் 7 பழகிய கை தானாகப் போய்ச் சேரும். முதன்முறை திறந்ததும் வரும் வரவேற்புத் திரையே டிரைவர் மேனேஜரையும் டைம்ஷிஃப்டையும் காட்டிக் கொடுக்கிறது. டைம்ஷிஃப்ட், சிஸ்டத்தின் நிலையைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளும். நாளைக்கு ஏதாவது அப்டேட் சொதப்பினால் நேற்றைய நிலைக்குத் திரும்பிவிடலாம். ஆனால் உங்கள் போட்டோக்களையும் ஃபைல்களையும் அது வழக்கமாகச் சேர்த்துக்கொள்ளாது. அவற்றுக்குத் தனி பேக்கப் வேண்டும்.

க்னோம் என்ற உபுண்டுவின் டெஸ்க்டாப் திரை வேறு மாதிரி. ஐகான் வரிசை இடது பக்கம் நெட்டுக்குத்தாக நிற்கும். ஸ்டார்ட் மெனு கிடையாது. இரண்டு வாரத்தில் பழகிவிடும் என்பார்கள். உங்களுக்குப் பழகும், அப்பாவுக்கு? அப்புறம் ஸ்னாப் விவகாரம். உபுண்டுவில் ஃபயர்ஃபாக்ஸ், தேவையானதையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டித் தரும் ஸ்னாப் தொகுப்பாக வருகிறது. பழைய ஹார்ட் டிஸ்க்கில், கணினியைப் போட்டவுடன் முதல்முறை திறக்கும்போது அது எடுத்துக்கொள்ளும் நேரம் எரிச்சலூட்டும். மின்ட் ஸ்னாப்பை முடக்கி வைத்துவிட்டு, வழக்கமான தொகுப்பாகவே ஃபயர்ஃபாக்ஸைத் தருகிறது. டவுன்லோட் அளவும் கவனிக்க வேண்டியது: மின்ட் சினமன் மூன்று ஜிபியை ஒட்டி, உபுண்டு அதைப் போல் இரு மடங்கு. தினம் ஒன்றரை ஜிபி டேட்டாவில் காலம் தள்ளுபவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஒரு இடத்தில் உபுண்டு முந்துகிறது: தமிழ்த் தட்டச்சு. தமிழ்99 என்று செட்டிங்ஸில் தேடினால் இரண்டு வகை கிடைக்கும். வெறும் விசைப்பலகை அமைப்பைத் தேர்ந்தால் ம-வை இரண்டு முறை தட்டினாலும் 'மம' என்றுதான் வரும். புள்ளி தானாக விழாது. ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவிக்கான ஐபஸ்-எம்17என் தொகுப்பை நிறுவி அதிலுள்ள தமிழ்99-ஐச் சேர்த்தால் 'ம்ம' சரியாக வரும். உபுண்டுவில் இதை விசைப்பலகைப் பக்கத்திலேயே சேர்த்துவிடலாம். மின்ட் 22 வந்த புதிதில் ஐபஸைத் தனியாகத் தேர்ந்து, லாக்-அவுட் செய்து, மறுபடி உள்ளே வர வேண்டியிருந்தது. ஒருமுறை வேலைதான், என்றாலும் தெரியாதவர்கள் இங்கேயே சோர்ந்துபோவார்கள்.

ஜோரின் பார்க்க அழகு. விண்டோஸ் இன்ஸ்டாலர் ஃபைலை டபுள் கிளிக் செய்தால், அதற்கு மாற்றாக என்ன இருக்கிறது என்று அதுவே சொல்கிறது. புதியவர்களுக்கு நல்ல உபகாரம். கோர் பதிப்பு இலவசம், புரோவுக்குக் காசு. கோரே போதும்.

ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸும் நல்லதுதான், ஆனால் ஒவ்வொரு பதிப்புக்கும் ஆதரவு சுமார் 13 மாதம். வீட்டுக் கணினிக்கு அந்த ஓட்டம் வேண்டாம். உபுண்டு 24.04-க்கும் மின்ட் 22-க்கும் 2029 வரை கவலையில்லை.

ராம் நான்கு ஜிபிதான் என்றால் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு. எட்டு இருந்தால் சினமன். உள்ளே இன்னும் பழைய சுழல் ஹார்ட் டிஸ்க் இருந்தால், முதலில் ஒரு எஸ்எஸ்டி வாங்கிப் போடுங்கள். எந்த லினக்ஸை மாற்றினாலும் கிடைக்காத வேகம் அதில் கிடைக்கும்.

எதைத் தேர்ந்தாலும் உடனே இன்ஸ்டால் பட்டனை அமுக்க வேண்டாம். பென்டிரைவிலிருந்தே ஓடவிட்டு வைஃபை, சவுண்ட், வெப்கேம், பிரிண்டர் நான்கையும் பாருங்கள். பிரிண்டர்தான் முக்கியம். எச்பி மாடல்கள் பெரும்பாலும் செருகியதும் வேலை செய்யும். நம் ஊரில் எங்கு பார்த்தாலும் இருக்கும் கேனான் எல்பிபி 2900-க்குத் தனி டிரைவர் தேடி மல்லுக்கட்ட வேண்டும்.

டேலி, போட்டோஷாப், வேலோரன்ட் கேம் இவை லினக்ஸில் நேரடியாக ஓடாது. இவற்றில் ஒன்று கட்டாயம் என்றால் விண்டோஸை அழிக்காமல் பக்கத்தில் லினக்ஸைப் போடுங்கள். அதற்கு முன், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் ரெகவரி கீயை எழுதி வையுங்கள், விண்டோஸை முழுதாக அணையவிடாத ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள். லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குத் திரும்பும்போது கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கிக் காட்டலாம். பேட்டரி போகவில்லை, லினக்ஸ் மதர்போர்டின் கடிகாரத்தில் கிரீன்விச் நேரத்தை எழுதி வைக்கும், விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று படிக்கும். லினக்ஸையும் உள்ளூர் நேரத்தையே எழுதச் சொன்னால் சரியாகிவிடும்.