ஆர்.சி. வண்டிகளுக்கான பேட்டரி கனெக்டரும் சார்ஜிங் அடாப்டரும்: ஆறு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

என்னிடம் இப்போது மூன்று ஆர்.சி. வண்டிகள், அதாவது ரேடியோ ரிமோட்டால் ஓட்டும் சிறிய மாதிரி வண்டிகள் உள்ளன. ஆறு ஆண்டுகளுக்கு முன் முதலில் வாங்கிய 1/10 அளவு டிரக், பின்னர் சேர்ந்த 1/8 அளவு பகி, வீட்டு முற்றத்துக் கற்களில் ஏற்றி ஓட்டும் 1/24 அளவு கிராலர். டிரக் இரண்டு செல் லைப்போவிலும் (லித்தியம் பாலிமர் பேட்டரி) பகி நான்கு செல் லைப்போவிலும் ஓடுகின்றன. இந்த ஆண்டுகளில் டயரும் கியரும் எத்தனையோ முறை மாற்றியிருக்கிறேன். ஆனால் வண்டியின் ஓட்டத்தில் அதிக வேறுபாட்டை உண்டாக்கியது பேட்டரிக்கும், மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் வேகக் கட்டுப்படுத்திக்கும் இடையே உள்ள கனெக்டரை மாற்றியதுதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

டிரக்கின் வேகக் கட்டுப்படுத்தியில் ஒரு வகைக் கனெக்டரும், நான் வாங்கிய பேட்டரிகளில் வேறு வகையும் இருந்ததால், தொடக்கத்தில் இரண்டுக்கும் நடுவே ஓர் அடாப்டரைச் செருகி ஓட்டினேன். ஓராண்டு எந்தச் சிக்கலும் தெரியவில்லை. பிறகு மணலில் ஓட்டும்போது பத்து நிமிடத்திலேயே வண்டி வேகம் குறைந்து நிற்கத் தொடங்கியது. மின்னழுத்தம் தாழ்ந்ததாக வேகக் கட்டுப்படுத்தி கருதி மோட்டாரை நிறுத்துகிறது, ஆகவே பேட்டரி பழசாகிவிட்டது என்று முடிவு செய்து புதியது ஒன்றை வாங்கினேன். அதிலும் அதே கதை. கடைசியில், நின்ற வண்டியிலிருந்து பேட்டரியைக் கழற்றி மீட்டரில் பார்த்தபோது ஒவ்வொரு செல்லும் 3.9 வோல்ட் காட்டியது. அதாவது பாதிக்கு மேல் மின்சாரம் மீதமிருந்தது. அடாப்டரைத் தொட்டால் விரல் வைக்க முடியாத சூடு. அதன் பிளாஸ்டிக் ஒரு பக்கம் இளகிச் சாய்ந்திருந்தது.

காரணம் எளியது. ஓர் இணைப்பில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். தேய்ந்த தொடுமுனையின் மின்தடை ஒரு மில்லி ஓம் என்று கொண்டால், 5 ஆம்பியரில் அங்கே எழும் வெப்பம் 0.025 வாட் மட்டுமே. அதே இடத்தில் 50 ஆம்பியர் பாய்ந்தால் 2.5 வாட், அதாவது நூறு மடங்கு. சூடேறிய தொடுமுனையின் பிடி தளர்கிறது, பிடி தளர்ந்தால் தடை கூடுகிறது, தடை கூடினால் மேலும் சூடாகிறது. அடாப்டரைச் செருகும்போது ஓர் இணைப்பு இருந்த இடத்தில் இரண்டு இணைப்புகளும் கூடுதல் பற்றவைப்புகளும் வந்துவிடுகின்றன. ஆகவே சார்ஜர் பக்கம் அடாப்டர் இருக்கலாம், வண்டிக்குள் இருக்கக் கூடாது என்பதை அன்று முதல் விதியாகவே வைத்துக்கொண்டேன்.

எந்தக் கனெக்டரைத் தேர்வது என்பதற்கு என் வண்டியின் சராசரி மின்னோட்டத்தை முதலில் கணக்கிட்டேன். 5000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி இருபது நிமிடத்தில் தீர்கிறது என்றால் சராசரி 15 ஆம்பியர். வேகமெடுக்கும் கணங்களில் இதைப்போல் மூன்று நான்கு மடங்கு இழுக்கும். வெள்ளை நைலான் உறையுள்ள பழைய டாமியா வகைக் கனெக்டர், நிக்கல் பேட்டரிகளும் மிதமான மோட்டார்களும் இருந்த காலத்துக்கு உருவானது. சுமார் 15 ஆம்பியர்தான் அதன் வரம்பு என்பார்கள். ஆகவே டிரக்குக்கு அது ஒத்துவராது. டீன்ஸ் எனப்படும் டி வடிவக் கனெக்டர் சிறியது, மின்தடையும் குறைவு. ஆனால் எண்ணெய் பட்ட விரல்களால் அதைப் பிரித்தெடுப்பது எனக்கு ஒவ்வொரு முறையும் போராட்டமாக இருந்தது. இ.சி.5 வகையில் 5 மில்லிமீட்டர் உருளை முனைகளைத் தனியே பற்றவைத்த பிறகே உறைக்குள் தள்ளுவதால் பிளாஸ்டிக் உருகும் பயமில்லை. ஆனால் நேர்மறையும் எதிர்மறையும் இடம் மாறிவிட்டால் திரும்ப எடுப்பது மிகக் கடினம்.

நான் நிலைகொண்டது எக்ஸ்.டி.60. மஞ்சள் உறை, 3.5 மில்லிமீட்டர் முனைகள், ஒரு பக்கம் சரிவாக வெட்டிய வடிவம்; அதனால் மாற்றிச் செருக வழியில்லை. பெயரிலுள்ள 60 ஆம்பியர் சிறிது நேரத்துக்கு மட்டுமே உரியது. தொடர்ச்சியாக என்றால் 30 ஆம்பியர் என்றே கணக்கில் கொள்ள வேண்டும், அது டிரக்குக்குப் போதும். பகிக்கு 4.5 மில்லிமீட்டர் முனையுள்ள எக்ஸ்.டி.90, அதிலும் எஸ் என்ற எழுத்து சேர்ந்த வகை. நான்கு செல் பேட்டரியைச் செருகும் கணத்தில் வேகக் கட்டுப்படுத்தியின் கெப்பாசிட்டர்கள் ஒரேயடியாக மின்னேறுவதால் பொறி பறந்து முனை கரிந்துபோகும். இந்த வகையில் முதலில் தொடும் பகுதி ஒரு மின்தடை வழியாக மெல்ல மின்னேற்றுவதால் பொறி எழுவதில்லை. கிராலருக்கு எக்ஸ்.டி.30 தாராளம்.

கனெக்டர் மாற்றும்போது பேட்டரியின் இரண்டு ஒயர்களையும் ஒருபோதும் சேர்த்து வெட்டக் கூடாது. கட்டரின் அலகே இரண்டையும் இணைத்து ஷார்ட் ஆக்கிவிடும். ஒன்றை வெட்டி, பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூடிய பிறகே அடுத்ததைத் தொடுகிறேன். பற்றவைக்கும்போது எதிர் ஜோடி கனெக்டர் ஒன்றைச் செருகி வைத்தால் உறை இளகினாலும் முனைகள் இடம் பெயராது. 12 கேஜ் தடிமனுள்ள சிலிகான் ஒயருக்கு 60 வாட் சால்டரிங் அயர்ன் தேவை. வலுவில்லாத அயர்னை நெடுநேரம் வைத்து அழுத்துவதுதான் பிளாஸ்டிக்கைக் கெடுக்கிறது. கனெக்டர் ஜோடியில் முனைகள் உள்ளே மறைந்திருக்கும் பாதி எப்போதும் பேட்டரிக்குரியது.

இனி சார்ஜர் பக்கம். என் சார்ஜரில் 4 மில்லிமீட்டர் பனானா துளைகள், அதாவது ஒற்றை உருளை முனைகளைச் செருகும் துளைகள் உள்ளன. தொடக்கத்தில் ஒரே ஜோடி பனானா முனையிலிருந்து ஐந்தாறு வகைக் கனெக்டர்கள் கிளைக்கும் ஒயரை வாங்கினேன். மலிவு, எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஆனால் ஒரு கிளையில் பேட்டரியைச் செருகியதும் மற்றக் கிளைகள் எல்லாவற்றிலும் அதே மின்சாரம் வந்து நிற்கிறது. மேசையில் கிடக்கும் ஒரு ஸ்க்ரூ அவற்றில் ஒன்றின் குறுக்கே விழுந்தால் முழு பேட்டரியும் அதன் வழியே பாயும். அதை ஒதுக்கிவிட்டு, வகைக்கு ஒன்றாகத் தனித்தனி ஒயர் செய்துகொண்டேன். இதைவிட முக்கியமானது வரிசை: பனானா முனைகள் முதலில் சார்ஜரில், அதன் பிறகே பேட்டரி. மாற்றிச் செய்தால் கையில் தொங்கும் இரு முனைகளும் ஒன்றையொன்று தொட்டுவிடும். கழற்றும்போது பேட்டரியே முதலில். நண்பர்களின் பேட்டரிகளை 5 ஆம்பியரில் சார்ஜ் செய்ய இந்த அடாப்டர்கள் ஐந்து ஆண்டுகளாக வெதுவெதுப்புகூட இல்லாமல் உழைக்கின்றன. செல்களின் மின்னழுத்தத்தைச் சமமாக வைக்க உதவும் பேலன்ஸ் ஒயரை ஒவ்வொரு முறையும் சேர்த்தே செருகுகிறேன், அதை ஒயரைப் பிடித்து இழுக்காமல் வெள்ளை உறையைப் பிடித்தே கழற்றுகிறேன்.

ஒரே ஒரு விலக்கு வைத்திருக்கிறேன். பழைய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரிகள் இரண்டில் டாமியா கனெக்டரை மாற்றவில்லை. எல்லாவற்றிலும் மஞ்சள் கனெக்டர் இருந்தால், அவசரத்தில் லைப்போவை நிக்கலுக்குரிய முறையில் சார்ஜ் போட்டுவிடும் ஆபத்து உண்டு. வேறு கனெக்டருக்கு வேறு ஒயரை எடுக்க வேண்டியிருப்பதால், அந்த இடத்தில் கை ஒருமுறை நிற்கிறது. சார்ஜரின் திரையையும் பார்த்துவிடுகிறேன்.

தேய்மானத்தைப் பொறுத்தவரை, டிரக்கின் எக்ஸ்.டி.60 மூன்றாம் ஆண்டில் தளர்ந்தது. முனையின் பிளவில் மெல்லிய கத்தி நுனியை வைத்துச் சிறிது விரித்தேன், ஓராண்டு தாங்கியது, பிறகு புதியது போட்டேன். பெயர் அச்சிடாத மலிவான நகல்கள் சில முதல் நாளிலேயே தளர்வாகவோ அளவுக்கு மீறி இறுக்கமாகவோ இருந்ததால் அவற்றை வண்டியில் போடாமல் சார்ஜிங் ஒயர்களுக்கு ஒதுக்கினேன். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் மோட்டாரைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன் கனெக்டரைத் தொட்டுப் பார்க்கிறேன். சென்ற வாரம் பகியினுடையது சற்றுச் சூடாக இருந்தது. மாற்றுவதற்கான ஜோடி மேசையில் தயாராக இருக்கிறது.