பத்து ரூபாய் வில்லையும் அம்மாவின் பட்டாவும்
அம்மாவின் பெயருக்குப் பட்டா மாற்ற மனு கொடுத்துவிட்டு, அலுவலகத்துக்கு ஏழு மாதம் நடந்தேன். "பரிசீலனையில் இருக்கிறது" என்பதே பதில். கடைசியில் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, பிரிவு 6(1)-இன் கீழ் மனு எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினேன். எதற்காகக் கேட்கிறோம் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. இதன் பெரும் பலமே அதுதான். "ஏன் தாமதம்?" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். "என் பட்டா மனு எந்தத் தேதியில் யாரிடம் இருந்தது? கோப்புக் குறிப்பின் நகல் தருக" என்று கேளுங்கள்.

30 நாளில் பதில் இல்லை. மேல்முறையீடு வரை போகவைத்தது பெரிய குறை. பிரிவு 19(1)-இல் எழுதியதும் நகல் வந்தது, கெடு தாண்டியதால் இலவசமாக. ஐந்து மாதம் ஒரே மேசையில் பட்டா மனு கிடந்ததைப் பச்சை மைத் தேதிகள் காட்டின. மறுவாரம் பட்டா அம்மாவின் கையில் இருந்தது.